கம்ப்யூட்டர் செத்தால் கணக்கும் சாக வேண்டுமா?

பழைய புரோகிராம்களைப் பிழைக்க வைக்கும் வேடதாரி

900 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய புத்தகத்தைப் படிக்க முடிந்தது. 16 ஆண்டுகளுக்கு முன்பு செய்த தட்டைப் படிக்க எந்திரம் தேட வேண்டி வந்தது!

இந்த வேடிக்கை நடந்த இடம் இங்கிலாந்து.

1085-ம் ஆண்டு, கிறிஸ்துமஸ் சமயம். இங்கிலாந்தை வென்று ஆண்டு கொண்டிருந்த வில்லியம் மன்னர் ஓர் உத்தரவு போட்டார். நாட்டில் யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை, அவற்றின் மதிப்பு என்ன என்று கணக்கு எடுக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அதிகாரிகள் புறப்பட்டார்கள். கணக்கு எடுத்தார்கள். பதப்படுத்திய ஆட்டுத் தோலில், லத்தீன் மொழியில், மையால் எழுதி வைத்தார்கள்.

அதற்கு "டூம்ஸ்டே புத்தகம்" என்று பெயர். டூம்ஸ்டே என்றால், கடவுள் கடைசித் தீர்ப்பு சொல்லும் நாள். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. இந்தக் கணக்குக்கும் அப்பீல் கிடையாது. ஆகவே ஜனங்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. லத்தீன் தெரிந்தவர்கள் படிக்கலாம்.

10 லட்சம் பேர் எழுதிய கணக்கு

1986-ம் ஆண்டு அந்தப் புத்தகத்துக்கு 900 வயது ஆயிற்று. அதைக் கொண்டாட பி.பி.சி. ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. இந்தக் காலத்து டூம்ஸ்டே கணக்கு ஒன்றைத் தயாரித்தது.

இந்தத் தடவை மன்னரின் அதிகாரிகள் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள்!

நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கட்டம் 4 கிலோ மீட்டர் நீளம், 3 கிலோ மீட்டர் அகலம். அந்தந்தக் கட்டத்தில் இருந்த பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள். எப்படி வாழ்கிறோம், என்ன வேலை செய்கிறோம், எப்படிப் பொழுது போக்குகிறோம் என்றெல்லாம் எழுதினார்கள். போட்டோ பிடித்து அனுப்பினார்கள். 10 லட்சம் பேருக்கு மேல் பங்கு கொண்டார்கள்.

எழுத்து மட்டும் ஏறக்குறைய 1½ லட்சம் பக்கம் சேர்ந்தது. ஜனங்கள் பிடித்து அனுப்பிய படங்கள் 23 ஆயிரம்.

எல்லாவற்றையும் இரண்டு லேசர் தட்டுகளில் பதித்தார்கள். ஒவ்வொரு தட்டும் பெரிய கிராமபோன் தட்டு அளவு இருக்கும். அதைப் படிப்பதற்கு ஒரு தனி லேசர் எந்திரம். அதை ஆட்டி வைப்பதற்கு "பி.பி.சி. மாஸ்டர்" என்ற கம்ப்யூட்டர். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 ஆயிரம் பவுன் விலை! பல பள்ளிக்கூடங்களால் வாங்க முடியவில்லை. எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் பலர், தாங்கள் எழுதியதைக் கண்ணால் காணவே இல்லை.

பிறகு நடந்தது என்ன?

அந்த மாதிரி லேசர் எந்திரம் சந்தையில் எடுபடவில்லை. செய்வதை நிறுத்தி விட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கும் வயதாகி விட்டது. 2002-ம் ஆண்டில், "இன்னும் கொஞ்ச காலத்தில் இந்தத் தட்டைப் படிக்கவே முடியாது" என்ற பயம் வந்து விட்டது.

தட்டு உடையவில்லை. தட்டில் பதித்த எழுத்தும் அழியவில்லை. படித்துக் காட்டுகிற எந்திரம்தான் அருகிப் போயிற்று. பெட்டியில் நகை இருக்கிறது, சாவியைக் காணோம் என்ற கதைதான்!

அப்போது கைகொடுத்தது யார்? இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும். அங்கிருந்த நிபுணர்கள் புது லேசர் எந்திரம் செய்து விற்கவில்லை. ஒரு புரோகிராம் எழுதினார்கள். அந்தப் புரோகிராம் சாதாரணக் கம்ப்யூட்டரைப் பழைய பி.பி.சி. மாஸ்டர் போலவே நடிக்க வைத்தது. தட்டில் இருந்ததை நகல் எடுத்துப் புது எந்திரத்துக்கு மாற்றினார்கள். பழைய புரோகிராம், தன் சொந்த வீட்டில் இருப்பதாக நினைத்துக் கொண்டு ஓடியது!

இப்படி வேடம் போடும் புரோகிராமுக்கு "எமுலேட்டர்" என்று பெயர்.

2011-ம் ஆண்டு பி.பி.சி. அந்த ஊர்க் கணக்குகளை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. அந்த இணையப் பக்கம் 2018-ல் மூடப்பட்டது. அதன் நகல் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

சமையல்காரரும் உக்கிராணமும்

ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம், இன்னொன்றில் ஏன் ஓடுவது இல்லை?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். சமையல்காரர் அடுப்படியில் இருக்கிறார். சாமான் எல்லாம் உக்கிராண அறையில் இருக்கிறது. சாவி அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம். அரிசி வேண்டும் என்றாலும், நெய் வேண்டும் என்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் சமையல்காரர் என்பது புரோகிராம். கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது, விளையாட்டுக் காட்டுவது எல்லாம் புரோகிராமின் வேலை. உக்கிராணப் பெரியவர் யார்? அவர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கம்பெனியின் மாக், செல்போனில் இருக்கும் ஆண்ட்ராய்டு எல்லாம் இந்தப் பெரியவர்கள்தாம். திரையில் எழுத்துக் காட்ட வேண்டுமா, தாளில் அச்சடிக்க வேண்டுமா, எதுவானாலும் புரோகிராம் அவரைத்தான் கேட்க வேண்டும்.

சமையல்காரர் தமிழில் கேட்கிறார். பெரியவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். என்ன ஆகும்? பந்தியில் இலை போட்டதுதான் மிச்சம்!

விண்டோசுக்கு என்று எழுதிய புரோகிராமை லினக்சில் வைத்தால் இதுதான் நடக்கிறது. குற்றம் சமையல்காரர் மீதும் இல்லை. பெரியவர் மீதும் இல்லை. பாஷைதான் வேறு.

இதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, வாசலில் ஒரு துபாஷியை நிறுத்துவது. இவர் தமிழில் கேட்பதை அவர் தெலுங்கில் சொல்வார். "வைன்" என்ற புரோகிராம் செய்வது இந்த வேலைதான். விண்டோஸ் புரோகிராம் கேட்பதை லினக்சுக்குப் புரியும்படி சொல்கிறது. இது குடிக்கும் ஒயின் அல்ல! "வைன் எமுலேட்டர் அல்ல" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர். உண்மைதான். துபாஷி வேடம் போடுவது இல்லை. பேச்சை மட்டும் மாற்றிச் சொல்கிறார்.

இரண்டாவது வழி, நாடகக் கொட்டகையில் செட் போடுவது போன்றது. சமையல்காரரின் சொந்த ஊர் அடுப்படியையே அப்படியே செட் போட்டு விடுவது. அடுப்பு அதே மாதிரி. உக்கிராணம் அதே மாதிரி. சமையல்காரருக்கு ஊர் மாறியதே தெரியாது. இதுதான் எமுலேட்டர். பி.பி.சி. தட்டைக் காப்பாற்றியது இந்த வழி.

செட் போடுவதில் ஒரு தொல்லை உண்டு. கம்ப்யூட்டரின் மூளைக்கு "சிப்" என்று பெயர். சிப்புக்கு எண் மட்டும்தான் தெரியும். இந்த எண் வந்தால் கூட்டு, அந்த எண் வந்தால் கழி என்று அதற்குப் பாடம். ஒரு சிப்பில் கூட்டலுக்கு உள்ள எண் வேறு, இன்னொரு சிப்பில் வேறு. எமுலேட்டர் பழைய எண்ணை ஒவ்வொன்றாகப் படித்து, அதே வேலையைப் புது சிப்பின் எண்களால் செய்து காட்ட வேண்டும். பழைய சிப் ஓர் அடி வைத்தால், புது சிப் பல அடி வைக்க வேண்டி இருக்கும்.

அப்படியானால் மெதுவாகப் போகாதா? போகும். ஆனால் பழைய பி.பி.சி. மாஸ்டரின் கடிகாரம் வினாடிக்கு 20 லட்சம் தடவை துடித்தது. இன்று வீட்டில் உள்ள ஒரு நல்ல கம்ப்யூட்டரின் கடிகாரம் 300 கோடி தடவை துடிக்கிறது. 1,500 மடங்கு! ஆகவே வேடம் போட்டுக் கொண்டே ஓடினாலும், முதல் ஆளை விடப் பின்தங்குவது இல்லை.

ஒரு எந்திரம் இன்னொன்றைப் போல நடிக்கலாம் என்பது இன்று நேற்றுத் தோன்றிய யோசனை அல்ல. பிரிட்டிஷ் கணித மேதை ஆலன் டூரிங் 1936-ம் ஆண்டிலேயே இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். அப்போது கம்ப்யூட்டரே பிறக்கவில்லை!

கம்பெனி போட்ட பாலம்

எமுலேட்டர் என்றதும் சில பேர், "இது ஏதோ திருட்டு வேலை" என்று முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சொல் பிறந்த இடம் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது பிறந்தது உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில். ஐ.பி.எம். கம்பெனியில்!

1959-ம் ஆண்டு ஐ.பி.எம். "1401" என்ற கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அது 10 ஆயிரத்துக்கு மேல் போயிற்று. கம்பெனிகள் அதில் சம்பளப் பட்டியல் போட்டன. சரக்குக் கணக்கு வைத்தன. அதற்கென்று ஆள் வைத்து, ஆண்டுக் கணக்கில் புரோகிராம் எழுதின.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஐ.பி.எம். "சிஸ்டம் 360" என்ற புது வரிசையை அறிவித்தது. புது எந்திரம் பிரமாதம். ஆனால் பழைய புரோகிராம் அதில் ஓடாது. வாடிக்கைக்காரர் சும்மா இருப்பாரா? "பழைய கணக்கை என்ன செய்வது?" என்று கேட்பார் அல்லவா?

இதற்குள் போட்டிக் கம்பெனி முந்திக் கொண்டது. ஹனிவெல் என்ற கம்பெனி 1963 டிசம்பரிலேயே "200" என்ற கம்ப்யூட்டரை அறிவித்து இருந்தது. 1401-க்கு எழுதிய புரோகிராம்களை இதற்கு மாற்றித் தர ஒரு கருவியும் கொடுத்தது. அதன் பெயர் "லிபரேட்டர்". அதாவது, விடுதலை தருபவர்!

ஐ.பி.எம். விழித்துக் கொண்டது. 360 வரிசையில் உள்ள எந்திரங்களுக்கு உள்ளேயே பழைய எந்திரம் போல நடிக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. வாடிக்கைக்காரர் பழைய புரோகிராமைப் புது எந்திரத்தில் ஓட்டினார். கம்பெனியும் பிழைத்தது.

அந்தக் கம்பெனிக்கு அன்றே ஒரு விஷயம் புரிந்து விட்டது. வாடிக்கைக்காரரின் சொத்து இரும்புப் பெட்டி அல்ல. அதில் அவர் எழுதி வைத்த கணக்குதான் சொத்து.

ஆப்பிள் கம்பெனியும் இதையேதான் செய்தது. மாக் கம்ப்யூட்டரின் சிப்பை அந்தக் கம்பெனி 1994, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை மாற்றியது. மூன்று முறையும் பழைய புரோகிராம்கள் ஓடுவதற்குப் பாலம் போட்டுக் கொடுத்தது.

பாலம் போட்டது நல்ல காரியம். பாராட்ட வேண்டும். ஆனால் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

2006-ல் போட்ட பாலத்தின் பெயர் "ரொசெட்டா". 2011-ல் வந்த புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அதை எடுத்து விட்டார்கள். புதியதுக்கு மாறியவர்களின் பழைய புரோகிராம்கள் நின்று போயின. 2020-ல் போட்ட "ரொசெட்டா 2" பாலத்துக்கும் 2025-ம் ஆண்டு நாள் குறித்து விட்டார்கள். மாக் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 27-வது பதிப்போடு அதன் பெரும் பகுதி நிற்கும் என்று அறிவித்தார்கள்.

கம்பெனிக்குத் தேவை இருக்கும் வரை பாலம் இருக்கும். தேவை தீர்ந்ததும் பாலத்தை எடுத்து விடும். நடுப்பாலத்தில் நிற்பவர் என்ன செய்வது?

ஜனங்கள் போட்ட பாலம்

இதற்குப் பதில் வைனில் இருக்கிறது. 1993-ம் ஆண்டு பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் ஜூலியர் என்பவர் தலைமை ஏற்றார். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதினார்கள். "1.0" என்ற முதல் முழுப் பதிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2008 ஜூனில்! 15 ஆண்டு உழைப்பு!

இதற்கு விலை கிடையாது. எழுதிய முறையும் ரகசியம் அல்ல. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம்.

அந்த உழைப்பு வீண் போகவில்லை. வால்வ் என்ற விளையாட்டுக் கம்பெனி 2018-ல் வைனை அடிப்படையாகக் கொண்டு "புரோட்டான்" என்ற துபாஷியை வெளியிட்டது. 2022-ல் "ஸ்டீம் டெக்" என்ற கையடக்க விளையாட்டுக் கம்ப்யூட்டரை விற்கத் தொடங்கியது. அதில் இருப்பது லினக்ஸ். ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ் விளையாட்டுக்கள்! சும்மா கிடைத்த சரக்கு, கோடி கோடியாய்ப் பணம் புரளும் தொழிலுக்கு அஸ்திவாரம் ஆகி விட்டது.

விளையாட்டு கிடக்கட்டும். வீட்டுக் கதைக்கு வருவோம்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு "விண்டோஸ் 10" ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் தருவதை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. சில நிபந்தனைகளோடு, வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் வரை தவணை கொடுத்தது. அடுத்த பதிப்பான "விண்டோஸ் 11" பல பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றுக் கொள்வது இல்லை.

ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. பத்து ஆண்டுக் கணக்கும் அதில் இருக்கிறது. பற்று வரவு எல்லாம் ஒரு பழைய விண்டோஸ் புரோகிராமில் இருக்கிறது. அவர் நல்ல எந்திரத்தைத் தூக்கி எறிந்து விட்டுப் புதியது வாங்க வேண்டுமா?

வேண்டும் என்பது இல்லை. அதே எந்திரத்தில் லினக்ஸ் போட்டு, வைன் என்ற துபாஷியை வைத்து, பழைய புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. வைன் எல்லாப் புரோகிராமையும் ஓட்டி விடாது. சில புரோகிராம்கள் திணறும். சில, பிரிண்டரோடு பேச மறுக்கும். திருட்டைத் தடுக்கத் தனிச் சாவி செருகும் புரோகிராம்கள் முரண்டு பிடிக்கும். ஆகவே முதலில் கணக்கை வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். இன்னொரு எந்திரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் மாற வேண்டும்.

நகல் எடுத்தால் போதாதா?

"எமுலேட்டர் எதற்கு? பழைய கணக்கைப் புதுப் புரோகிராமுக்கு மாற்றிக் கொண்டால் போதாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான்.

வெறும் எழுத்தும் எண்ணும் என்றால் மாற்றிக் கொள்ளலாம். அதுதான் சுலபம். ஆனால் ஒரு பாடமோ, விளையாட்டோ, டூம்ஸ்டே தட்டு மாதிரி ஒரு களஞ்சியமோ அப்படி அல்ல. எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தப் படம் வரும் என்பதுதான் அதன் உயிர். அதை எழுத்தாக மாற்றினால், பாட்டை விட்டு விட்டுப் பாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கொண்டது போல ஆகும்.

பம்பாயில் பிறந்த எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் பழைய மாக் கம்ப்யூட்டர்கள் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு அந்தப் பல்கலைக்கழகம் எமுலேட்டர் செய்து, 2010-ல் பார்வைக்கு வைத்தது. அவர் எழுதியது மட்டும் அல்ல, எழுதியவற்றை எப்படி அடுக்கி வைத்திருந்தார் என்பதையும் ஆராய்ச்சி மாணவர்கள் பார்க்க முடிகிறது. கடிதங்களை மட்டும் பிரதி எடுத்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. ஓலைச் சுவடி சில நூறு ஆண்டுகளில் உளுத்துப் போகும். ஆகவே பெரியவர்கள் பார்த்துப் பார்த்துப் புது ஓலையில் பிரதி எடுத்தார்கள். பிரதி எடுக்காத நூல்களைக் கரையான் தின்றது. ஊர் ஊராய் அலைந்து சுவடி தேடிய உ.வே. சாமிநாத ஐயர், 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் ஏற்றினார். ஓலைக்கு ஓலையும், படிக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் போதும். கம்ப்யூட்டர் நூலுக்கு இவை போதாது. அது நின்று ஆடும் மேடையும் வேண்டும். அந்த மேடைதான் எமுலேட்டர்.

திருட்டு ஆகாதா?

எதிர்த்துப் பேசுகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

எமுலேட்டரை வைத்துக் கொண்டு, காசு கொடுக்காமல் திருட்டு நகலில் புது விளையாட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல பேர் பல ஆண்டு உழைத்துச் செய்த விளையாட்டை இப்படி ஆடுவது சரி அல்ல. 2024-ம் ஆண்டு நின்டெண்டோ கம்பெனி, "யூசு" என்ற எமுலேட்டரைச் செய்தவர்கள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. யூசு நிறுத்தப்பட்டது. 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டார்கள்.

ஆனால் திருடுகிறவன் ஏணி வைத்து ஏறினான் என்பதற்காக, ஊரில் ஏணியே இருக்கக் கூடாது என்று சொல்லலாமா?

கோர்ட்டு அப்படிச் சொல்லவில்லை. 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி, சோனியின் "பிளேஸ்டேஷன்" விளையாட்டுக்களை மாக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரை விற்றது. சோனி வழக்குப் போட்டது. சோனியின் புரோகிராமைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக் கொண்டு, சொந்தமாக வேறு புரோகிராம் எழுதியது நியாயமான உபயோகம்தான் என்று அமெரிக்க அப்பீல் கோர்ட்டு 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது.

பிறகு என்ன ஆயிற்று? வழக்கில் ஜெயிக்காத சோனி, அடுத்த ஆண்டு அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்தி விட்டது!

இந்தியச் சட்டமும் இதில் ஓரளவு இடம் கொடுக்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பார்க்கலாம். புரோகிராமை நியாயமாக வைத்திருப்பவர், பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைக்கலாம். தனியாக எழுதிய வேறொரு புரோகிராமோடு அது சேர்ந்து வேலை செய்வதற்குத் தேவையான விவரம் வேறு வழியில் கிடைக்காவிட்டால், அதைத் தெரிந்து கொள்ள வேண்டியதைச் செய்யலாம். அதற்காகத் திருட்டு நகல் விற்கலாம் என்று அர்த்தம் அல்ல.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2010-க்கு முன்பு அமெரிக்காவில் வெளிவந்த பழைய வீடியோ விளையாட்டுக்களில் 100-க்கு 87 இன்று கடையில் கிடைப்பது இல்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. காசு கொடுத்தாலும் வாங்க முடியாது! விற்கவும் மாட்டேன், மற்றவர் காப்பாற்றவும் விட மாட்டேன் என்றால், அது வைக்கோல் போர் நாயின் கதை அல்லவா?

என்ன செய்ய வேண்டும்?

கம்பெனிகள் தங்கள் புதுச் சரக்கைக் காப்பாற்றிக் கொள்ளட்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு எந்திரத்தை விற்பதையும் நிறுத்தி, பழுது பார்ப்பதையும் நிறுத்திய பிறகு, அந்த எந்திரம் எப்படி வேலை செய்தது என்ற விவரத்தை ஒரு பொது நூல் நிலையத்தில் கொடுத்து வைக்க வேண்டும். நாளைக்கு எமுலேட்டர் செய்கிறவர் இருட்டில் தடவ வேண்டி இராது.

நூல் நிலையங்களும் ஆவணக் காப்பகங்களும் எமுலேட்டர் வைத்துக் கொள்ள, பழைய புரோகிராமை நகல் எடுத்துப் பாதுகாக்க, சட்டம் சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் அனுமதி தர வேண்டும். வக்கீலைக் கேட்டுக் கொண்டுதான் பழைய தட்டைத் தொட வேண்டும் என்றால், தொடுவதற்குள் தட்டு பழுதாகி விடும்.

அரசாங்க அலுவலகங்கள் ஒரே கம்பெனியின் புரோகிராமில் மட்டும் திறக்கும்படி ஆவணங்களை வைக்கக் கூடாது. நிலப் பத்திரமும் பிறப்புச் சான்றும் ஒரு கம்பெனியின் ஆயுளை நம்பி இருக்கலாமா? வில்லியம் மன்னரின் கணக்கு பிழைத்ததற்குக் காரணம், அதைப் படிக்க எந்தக் கம்பெனியின் தயவும் தேவைப்படவில்லை.

குடும்பங்களும் செய்ய வேண்டியது உண்டு. புரோகிராம் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "இதில் எழுதும் கணக்கை வேறு புரோகிராமில் திறக்க முடியுமா?" என்றும் கேளுங்கள். "முடியாது" என்று பதில் வந்தால், வீட்டுக் கணக்கைப் பிறர் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவரிடமே கொடுப்பதாக அர்த்தம்.

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன், அதில் உள்ள கணக்கையும் படத்தையும் புரோகிராம் தட்டையும் எடுத்து வையுங்கள். இன்று திறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. நாளைக்கு ஒரு வேடதாரி வந்து திறப்பார். ஆனால் இல்லாத பொருளைத் திறக்க எந்த வேடதாரியாலும் முடியாது.

எந்திரம் பழசாகும். கம்பெனி மாறும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் மனிதன் உழைத்து எழுதிய கணக்கும், பிள்ளைகள் ஊரைப் பற்றி எழுதிய நாலு வரியும் எந்திரத்தோடு உடன்கட்டை ஏற வேண்டியது இல்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு, வாங்கியதை எந்த எந்திரத்திலும் ஓட்டிக் கொள்ளும் உரிமை வேண்டும். அது சலுகை அல்ல. நியாயம்.